நாற்பத்தெட்டு டெராபைட்டில் இடம் இருந்தும் இடமில்லாமல் போன கதை: ஒரு சர்வரோடு நான்கு ஆண்டுகள்

கிருஷ்ணகிரியில் ட்ரோன் மூலம் நில அளவைப் படங்கள் எடுத்துத் தரும் சிறிய அலுவலகம் ஒன்றின் சர்வரை 2021ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நான் பராமரித்து வருகிறேன். கிரானைட் குவாரிகளும் பாரூர் ஏரி போன்ற நீர்நிலைகளும்தான் எங்கள் வேலையில் பெரும்பகுதி. லினக்ஸில் 8 டெராபைட் கொள்ளளவுள்ள எட்டு ஹார்ட் டிஸ்குகளை, இரண்டு பழுதானாலும் தரவு தப்பிக்கும் ரெய்டு 6 முறையில் இணைத்தோம். இரண்டு டிஸ்குகளின் அளவு பாதுகாப்புக்குப் போக, மீதி 48 டெராபைட். டிஸ்க் விற்பவர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், லினக்ஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது என்பதால் திரையில் 44 என்றுதான் வரும். கணக்கில் ஏதோ காணாமல் போய்விட்டதாக முதலாளி நினைத்தார், விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று.

டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் பகிர்வு அட்டவணை 2 டெராபைட்டுக்கு மேல் தாங்காது, அதன் புதிய வடிவமான ஜிபிடி வேண்டும் என்பது இன்று பெரும்பாலோருக்குத் தெரியும். அதுபோலவே, லினக்ஸில் கோப்புகளை அடுக்கிவைக்கும் வழக்கமான கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 16 டெராபைட்டோடு நின்றுவிடும் என்ற பழைய பயமும் 64 பிட் வசதி வந்தபின் பொருளற்றுப் போனது. ஆகவே, பழகிய ஈஎக்ஸ்டி4 முறைமையையே தேர்ந்தெடுத்தேன். பெரிய படங்கள்தானே வரப்போகின்றன என்ற நம்பிக்கையில், பார்மட் செய்யும்போது பெரிய கோப்புகளுக்கான லார்ஜ்ஃபைல்4 என்ற வகையைக் கொடுத்தேன். நான் செய்த தவறு அதுதான்.

ஈஎக்ஸ்டி4 முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோடு, அதாவது அதன் அளவு, இருப்பிடம் முதலியவற்றைக் குறித்துவைக்கும் ஒரு பதிவு, தேவை. அவற்றின் எண்ணிக்கை பார்மட் செய்யும் நொடியிலேயே முடிவாகிவிடும். இந்த அளவுள்ள டிஸ்குக்கு வழக்கமான அமைப்பில் 64 கிலோபைட்டுக்கு ஓர் ஐநோடு வீதம் ஏறத்தாழ 73 கோடி கிடைத்திருக்கும், அதற்காக 187 ஜிபி இடம் போயிருக்கும். நான் கொடுத்த வகையிலோ 4 மெகாபைட்டுக்கு ஒன்றுதான்; மொத்தம் ஒரு கோடியே 14 லட்சம். இடத்தை மிச்சப்படுத்திய பெருமையில் இருந்தேன்.

2023 ஏப்ரலில் ஓர் இரவு அலுவலகத் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, சர்வரில் இடமில்லை என்கிறது; ஆனால் 61 விழுக்காடுதான் நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது" என்றார். டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையை ஐநோடுகளைக் காட்டச் சொல்லி இயக்கச் சொன்னேன். நூறு விழுக்காடு. வரைபடத்தை இணையத்தில் காட்டுவதற்காக ஒவ்வொரு ஏரியின் படத்தையும் சில கிலோபைட் அளவுள்ள சதுரத் துண்டுகளாக வெட்டுகிறோம். ஒரு பெரிய ஏரிக்கே அவை லட்சக்கணக்கில் வரும். படங்கள் முப்பது லட்சத்தைத் தாண்டவில்லை, ஐநோடுகளைத் தின்று தீர்த்தவை இந்தத் துண்டுகளே. இன்னொரு 8 டெராபைட் சேர்த்து விரிவாக்கினாலும் அதே விகிதத்தில் 19 லட்சம்தான் கூடும். அன்றிரவு பழைய வேலைகளின் துண்டுகளை அழித்துத் தற்காலிகமாக ஒப்பேற்றினோம்.

அடுத்த மாதம் எல்லாவற்றையும் வேறு டிஸ்குகளுக்கு நகலெடுத்துவிட்டு எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமையை அமைத்தேன். நகலெடுக்கப் பதினொரு நாட்கள் ஆயின. அதில் பெரும்பகுதி அந்தக் குட்டித் துண்டுகளுக்கே போனது. பார்மட் சில நொடிகளில் முடிந்தது. லாக்கை (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) எழுதும் ஸ்ட்ரைப் அளவு பெரிதாக இருக்கிறது, 32 கிலோபைட்டாகக் குறைத்துக்கொள்கிறேன் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. லினக்ஸின் ரெய்டு மென்பொருளான எம்டி ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரு தடவைக்கு எழுதும் அளவு 512 கிலோபைட்டாக இருப்பதால் வருவது அது, அஞ்சத் தேவையில்லை. எக்ஸ்எஃப்எஸ் ஐநோடுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்கிறது. உச்சவரம்பு உண்டு, ஆனால் அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இதோடு துண்டுகளை எம்பிடைல்ஸ் என்ற ஒற்றைக் கோப்பு வடிவத்தில் அடைக்கவும் தொடங்கினோம். இதை முதலிலேயே செய்திருந்தால் பழைய முறைமையே போதுமாக இருந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. எக்ஸ்எஃப்எஸ் மெட்டாடேட்டாவுக்கு (கோப்புகளைப் பற்றிய குறிப்புகள்) மட்டுமே சரிபார்ப்புத் தொகை வைத்திருக்கிறது, கோப்பின் உள்ளடக்கத்துக்கு இல்லை. அதனால் மூலப் படங்களுக்கு ஷா256 என்ற சரிபார்ப்புத் தொகைகளின் பட்டியலைத் தனியாக வைத்திருக்கிறேன். ஒருமுறை வளர்த்துவிட்டால் சுருக்குவதும் நடைமுறையில் இயலாது.

சென்ற ஆண்டு கோடை இடிமழையில் மின்சாரம் போய், யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டது. மீண்டும் இயக்கியபோது எக்ஸ்எஃப்எஸ் லாக்கிலிருந்தவற்றைத் தானே எழுதி முடித்து ஒரு நிமிடத்துக்குள் மவுண்ட் ஆகிப் பயன்பாட்டுக்குத் தயாராகிவிட்டது. இந்த நிலையில் பதறிப்போய் லாக்கை அழிக்கும் -L என்ற சுட்டியோடு பழுதுநீக்கியை (xfs_repair) இயக்கக் கூடாது. முதலில் மவுண்ட் செய்து பார்க்க வேண்டும், அது தோற்றால் எதையும் மாற்றாமல் சோதிக்கும் -n என்ற சுட்டியோடு இயக்க வேண்டும். கோப்புகள் கோடிக்கணக்கில் இருந்தால் பழுதுநீக்கி நினைவகத்தையும் நிறைய கேட்கும், எனவே 16 ஜிபியை 64 ஆக்கினோம்.

அதே மழையில் ஒரு டிஸ்கும் பழுதானது. வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் மாற்று டிஸ்கை நிரப்ப 15 மணி நேரம் என்பது கணக்கு. அலுவலகமும் வேலை செய்துகொண்டிருந்ததால் இரண்டு நாட்கள் ஆயின. அடுத்து 16 டெராபைட் டிஸ்குகள் வாங்கும்போது எல்லாவற்றையும் ஒரே கோப்பு முறைமையாக்காமல், மூலப் படங்களுக்கு ஒன்று, துண்டுகளுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிக்கப் போகிறேன்; ஒன்றைப் பழுது பார்க்கும் நேரத்தில் மற்றொன்றில் வேலை ஓடும்.