ஸ்லரி ரியாக்டரில் ஒளிக் கணக்கு: சிக்ஸ்-ஃப்ளக்ஸ், பி1, டிஓ, மான்டே கார்லோ

ஸ்லரி ரியாக்டர் என்பது, வினையூக்கித் தூள் கலந்த தண்ணீரில் ஒளியைப் பாய்ச்சி மாசைச் சிதைக்கும் கலன். அதைக் கணினியில் கணக்கிடுவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் 365 நானோமீட்டர் விளக்கு, அதைச் சுற்றி 40 மி.மீ. விட்டக் குவார்ட்ஸ் குழாய், வெளிச்சுவரின் விட்டம் 60 மி.மீ., இடைவெளியில் பி25 எனும் வணிக ரக டைட்டானியம் டை ஆக்சைடு தூள் கலந்த தண்ணீர். நிமிடத்துக்கு 3 லிட்டர் விட்டால் ரெனால்ட்ஸ் எண் 700 பக்கம்தான் வரும். லாமினார், அதாவது கொந்தளிப்பில்லாத ஓட்டம். பழக்கதோஷத்தில் கே-எப்சிலான் என்ற கொந்தளிப்பு மாடலைப் போட்டால் இல்லாத கலக்கலைக் கணக்கே உண்டாக்கி, மாசு சிதையும் அளவைக் கூட்டிக் காட்டிவிடும். ஓட்டத்தில் கவனிக்க வேண்டியது அவ்வளவுதான். தலைவலி ஒளியில். பி25 ஒளியை விழுங்குவதைவிடச் சிதறடிப்பதே அதிகம் என்பதால் உறிஞ்சலை மட்டும் பார்க்கும் பியர்-லாம்பர்ட் விதி இங்கே உதவாது. தலைப்பிலுள்ள நான்கு வழிகளில் ஒன்றை எடுக்க வேண்டும்.

எத்தனை கிராம் தூள் போடலாம் என்பது மட்டும் கேள்வியென்றால் ஒளி ஆறு திசைகளில் மட்டும் சிதறுவதாக எடுக்கும் சிக்ஸ்-ஃப்ளக்ஸ் போதும், எக்செல்லிலேயே முடியும். பரவல் எதிரொளிப்பு எனக் கொண்டால், ஒளி சிதறும் வாய்ப்பு முன்னோக்கி 0.11, பின்னோக்கி 0.71, பக்கங்கள் நான்குக்கும் தலா 0.045. தடுப்புத் தகடோ இரண்டு மூன்று விளக்குகளோ வந்தால் இது தாங்காது.

பி1 தோராயம் கணக்குச் செலவில் மலிவு. ஆனால் ஒளியைப் பரவலாகவே பார்க்கும். எல்இடி கற்றையை விட்டால் பஞ்சு மாதிரி விரித்துவிடும். நீர்த்த கலவையிலும் நம்ப முடியாது.

ஒளியைக் குறிப்பிட்ட திசைகளாகப் பிரித்துத் தீர்க்கும் டிஓ-தான் (டிஸ்க்ரீட் ஆர்டினேட்ஸ்) வேலைக்கு ஆகும் வழி. முப்பரிமாண வெளியின் எட்டுக் கூறுகள் ஒவ்வொன்றையும் 2×2 பிரித்தால் 32 திசைகள். ஒளிப்படத்தில் நட்சத்திரம்போல் கோடுகள் தெரியும். 5×5 என்றால் 200 திசைகள். கோடுகள் மங்கும், மெமரி எகிறும். பலர் விழும் குழி வேறொன்று. எல்லா அலைநீளத்தையும் ஒன்றாகவே பார்க்கும் கிரே மாடலில் வெப்பநிலையை 300 கெல்வினில் விட்டால் ஒவ்வொரு சுவரும் தண்ணீரும் வெப்பக் கதிரை உமிழும். கரும்பொருளுக்கு அது சதுர மீட்டருக்கு 459 வாட். விளக்கின் ஒளியோடு அது கலந்து கணக்கைக் கெடுத்துவிடும். எனர்ஜி சமன்பாட்டைத் தீர்க்காமல் நிறுத்தி, எல்லா வெப்பநிலையையும் 1 கெல்வின் ஆக்குங்கள். அடர்த்தி, பாகுநிலை இரண்டையும் மாறிலியாக வையுங்கள், இல்லாவிட்டால் 1 கெல்வின் தண்ணீர் வந்து நிற்கும்! ஓபன்ஃபோம் மென்பொருளில் டிஓ வகையான எஃப்விடாம் எடுப்பவர்கள், உங்கள் பதிப்பு சிதறலைச் சேர்க்கிறதா என்று சோர்ஸ் கோடில் பார்த்துவிட்டே ஓட்டுங்கள்.

ஃபோட்டான்களைத் தற்செயல் எண்களால் பின்தொடரும் மான்டே கார்லோவில் திசைக் கோடுகளே இல்லை, எல்இடியின் கோணப் பரவலை அப்படியே கொடுக்கலாம். விலை, இரைச்சல்: பிழை பாதியாக நான்கு மடங்கு ஃபோட்டான் வேண்டும். டிஓ விடையைச் சோதிக்கும் நடுவராக ஒருமுறை ஓட்டினால் போதும்.

தூள் சீராகக் கலந்திருந்தால் ஒளிப்புலத்தை ஒரே தடவை தீர்த்து உறைய வைத்துவிட்டு, ஓட்டத்தையும் வினையையும் தனியே தீர்க்கலாம். காற்றுக் குமிழி இருந்தாலோ தூள் அடியில் படிந்தாலோ இந்தச் சலுகை கிடையாது. உறிஞ்சிய ஒளியைச் சராசரியாக்கி வினைவேகச் சூத்திரத்தில் போடாதீர்கள். பலமான ஒளியில் வேகம் அதன் வர்க்கமூலத்தையொட்டியே ஏறுவதால், சராசரி எப்போதும் மிகைக் கணக்கே தரும்.

மெஷ்ஷில் (கணக்குக் கட்டங்களில்) சிக்கனம் பார்க்கவும் கூடாது. ஒளியிழப்புக் குணகம் மீட்டருக்கு 1000 என்றால் நேராக வரும் ஒளியில் சுமார் 63 சதவீதம் 1 மி.மீ.க்குள்ளேயே கழிந்துவிடும். குவார்ட்ஸை ஒட்டிய செல் 0.1 மி.மீ. இருக்கட்டும். பிறகு, உள்ளே வந்த வாட்டும், உறிஞ்சியதும் வெளியேறியதும் சேர்ந்த வாட்டும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். ஒத்துப்போனாலும் விளக்கின் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாமல், ஃபெரியாக்சலேட் கரைசலால் அளந்த ஒளியையே எல்லை மதிப்பாகக் கொடுங்கள். அந்த அளவை வாட்டாக மாற்ற: 365 நானோமீட்டரில் 1 மோல் ஃபோட்டான் சுமார் 328 கிலோஜூல்.