கோவைக்கொடி வாங்கும் முன் தாய்க்கொடியைக் காட்டச் சொல்லுங்கள்

கோடை வெயிலுக்கு மறைப்பாகவும் இருக்கட்டும், காயும் கிடைக்கட்டும் என்று கோவைக்கொடி வைக்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலில் சூடேறி இரவெல்லாம் வீட்டுக்குள் அனல் விடுகிறது என்று ஒரு நர்சரியில் சொன்னேன். கோவையைக் கைகாட்டினார்கள். "காய்க்கிற கொடியில வெட்டின குச்சிங்க" என்று சொல்லி இரண்டு கன்றுகளைத் தந்தார்கள். பந்தல் நன்றாகவே மூடியது. வெள்ளைப் பூவும் நிறைய. பிஞ்சு ஒன்றுகூட இல்லை.

போய்க் கேட்டால், "முதல்ல ஆண் பூதான் வரும், பெண் பூ அப்புறம் வரும்" என்றார்கள். சுரைக்கும் பீர்க்குக்கும் பாகலுக்கும் அது சரி. அவற்றில் ஒரே கொடியில் இரண்டு பூவும் வரும். கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆண் கொடியில் எத்தனை வருடம் காத்திருந்தாலும் காய் வராது. கன்று விற்றே பிழைப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

அதோடு விட்டார்களா? பூ ஊக்கி என்று ஒரு பாட்டிலைத் தலையில் கட்டினார்கள். தண்ணீர் அதிகமானதால்தான் காய் பிடிக்கவில்லை, கொஞ்ச நாள் நிறுத்துங்கள் என்றார்கள். அதுவும் உச்சக் கோடையில்! இலை சுருண்டு உதிர்ந்து, சுவரில் மறுபடி நேர் வெயில். காய் இல்லாததைவிட, இருந்த நிழலும் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, செடிக்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது என்று முடித்துக்கொண்டார்கள். செடி செத்துப்போனது என்றா நான் புகார் சொன்னேன்? சொன்ன செடியைத் தரவில்லை என்றுதானே சொன்னேன்!

வாங்கும்போது கன்றின் அடியைப் பாருங்கள். குச்சியில் வளர்ந்தது என்றால் முற்றிய தண்டுத் துண்டு ஒன்று மண்ணுக்கு மேல் தெரியும். அதன் கணுவிலிருந்து துளிர் கிளம்பியிருக்கும். மெல்லிய ஒற்றைத் தண்டாக நேரே எழுந்திருந்தால் விதைக் கன்று. அதில் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் போகும். குச்சி என்றாலும் ஆண் கொடியில் வெட்டியதாக இருக்கலாம். அதனால் காயோடு இருக்கும் தாய்க்கொடியைக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் கண்முன்னே வெட்டித் தரச் சொல்லுங்கள். பூத்த கன்று என்றால் இன்னும் சுலபம்: பெண் பூவின் அடியில் குட்டிக் கோவைக்காய் போல ஒரு பிஞ்சு இருக்கும், ஆண் பூவில் வெறும் காம்புதான்.

ஏற்கெனவே ஆண் கொடி வந்து மாட்டிக்கொண்டவர்கள் கோபத்தில் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். தண்ணீரையும் நிறுத்தாதீர்கள். நிழல் தரட்டும், இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கலாம். பக்கத்திலேயே ஒரு பெண் கொடிக் குச்சியை நட்டால் மகரந்தத்துக்கும் இந்த ஆண் கொடி உதவும்.