ஹோல்ஸ்ட் ஃபர்ஸ்ட் சூட், டெலார்க் சிடி: டிரம்முக்காக வாங்கினேன், டியூபாகிட்ட மாட்டிக்கிட்டேன்

ஆடியோ பைத்தியங்க யாரைக் கேட்டாலும் "அந்த டெலார்க் பேஸ் டிரம் கேட்டிருக்கியா"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க (டெலார்க்னா ரெக்கார்ட் கம்பெனி), சரி என்னதான் இருக்குன்னு செகண்ட் ஹேண்ட்ல ஒரு காப்பி வாங்கிட்டேன். ஃபிரெடெரிக் ஃபென்னல் கண்டக்ட் பண்ணது, வாசிச்சது கிளீவ்லாண்ட் சிம்ஃபானிக் விண்ட்ஸ், 1978ல செவரன்ஸ் ஹால்ல ரெக்கார்ட் பண்ணாங்க. டிஜிட்டல்னாலே புதுசா இருந்த காலம். வயலின் ஒண்ணு கூட கிடையாது, முழுக்க ஊதுறதும் அடிக்கிறதும்தான்.

குஸ்டாவ் ஹோல்ஸ்ட்ங்கற இங்கிலீஷ் கம்போசர் 1909ல எழுதின பீஸ் இது, மிலிட்டரி பேண்டுக்குன்னே எழுதினது, மூணு பாகம், மொத்தமே பத்து பதினோரு நிமிஷம்தான். முதல் பாகம் சகோன், இ ஃபிளாட் மேஜர், முக்கால் தாளம், நம்ம காதுக்கு சங்கராபரணம் ஸ்கேல். எட்டு பார் மெட்டு ஒண்ண டியூபாவும் யூஃபோனியமும் (ரெண்டும் தாழ்ந்த குரல்ல ஊதுற பெரிய பித்தளை வாத்தியம்) மெதுவா ஆரம்பிக்கும், அப்புறம் அதே எட்டு பார்தான் திரும்பத் திரும்ப வரும், மேல மட்டும் ஒவ்வொருத்தரா வந்து சேருவாங்க. அலெக்ரோ மாடரேட்டோன்னுதான் (மிதமான வேகம்) போட்டிருக்கு, ஆனா சில பேண்டுங்க இத பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கற மாதிரி ஓட்டிடுவாங்க, வேற சிலர் சாவு ஊர்வலமா ஆக்கிடுவாங்க. ஃபென்னல் ரெண்டும் பண்ணல. நடக்குற வேகம், அவ்ளோதான், ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா நெஞ்சு நிமிர்ற மாதிரி இருக்கு. நடுவுல ஹோல்ஸ்ட் அந்த தீமைத் தலைகீழா திருப்பிப் போடுவார் (தீமை இல்லீங்க, தீம்!), மைனர் பக்கம் போய் சத்தமெல்லாம் அடங்கி ஒரே இருட்டாயிடும். வேகம் மாறவே இல்ல, மூட் மட்டும் மொத்தமா மாறுது, இத நான் பத்து தடவையாவது ரீவைண்ட் பண்ணிக் கேட்டிருப்பேன்.

ரெண்டாவது இன்டர்மெட்ஸோ, சி மைனர், விவாச்சே, அதாவது துள்ளலான வேகம். குட்டிப் பசங்க நுனிக்கால்ல ஓடற மாதிரி. ஓபோங்கற ஊதுகுழலும் ம்யூட் போட்ட (சத்தத்த அடக்கின) கார்னெட்டும் சேர்ந்து வாசிக்கறது இந்த ரெக்கார்டிங்ல தனித்தனியா தெரியுது. திடீர்னு ஒரு கிளாரினெட் ஏக்கமா ஒரு மெட்டு எடுக்கும், எஃப் டோரியன், அதாவது கரஹரப்ரியா ஸ்கேல்தான், சிலிர்த்துடுச்சு. (ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் படிச்சு ரிக் வேதப் பாடல்கள் சிலத மொழிபெயர்த்தவர், அதுக்கும் இதுக்கும் முடிச்சு போடாதீங்க, டோரியன் இங்கிலாந்து நாட்டுப்பாட்டுலயே ஏகப்பட்டது இருக்கு.) கடைசில சி மேஜருக்கு வந்து சத்தமே இல்லாம முடியும்.

மூணாவது மார்ச். திரும்ப இ ஃபிளாட், ஆரம்பத்துல பித்தளை வாத்தியங்க மட்டும், கூடவே அந்தப் பேர் போன டிரம். ஆமா, நல்லாத்தான் இருக்கு, தரை அதிருது. ஆனா எனக்கு அதவிட டிரியோதான் (மார்ச்சோட நடுப்பகுதி) பிடிச்சது, ஏ ஃபிளாட்ல தாழ்வா வர்ற அந்த மெட்டு, கடைசில ரெண்டு மெட்டும் ஒண்ணு மேல ஒண்ணா வர்ற இடம். இதெல்லாமே சகோன்ல டியூபா வாசிச்ச மெட்டோட முதல் மூணு சுரத்துலேர்ந்து வந்ததுதான்.

அதனாலதான் நடுவுல நிறுத்தாம வாசிங்கன்னு ஹோல்ஸ்ட்டே ஸ்கோர்ல கேட்டுக்கிட்டார். நான் மொதல்ல ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்ல ஃப்ரீ அக்கவுண்ட்ல கேட்டப்போ சகோன் முடிஞ்ச அந்த நொடி பெயிண்ட் விளம்பரம் வந்துச்சு, அப்பவே சிடிதான்னு முடிவு பண்ணிட்டேன்.

குறைன்னு பாத்தா சத்தத்துக்கும் மெதுவுக்கும் இடைவெளி ரொம்ப அதிகம். ஃபோன் ஸ்பீக்கர்ல போட்டா ஆரம்பமே கேக்காது, கார்லயும் அதே கதைதான். சிடில ஹோல்ஸ்ட்டோட செகண்ட் சூட்டும் இருக்கு, ஹாண்டல், பாக் எழுதின பீஸ்களும் உண்டு, செகண்ட் சூட் ஜாலி, மத்தது எப்பவாவது கேப்பேன்.

ஒரே ஒரு டிப்ஸ், டியூபா கேக்கலன்னு வால்யூம ஏத்தினா மார்ச் வர்றதுக்குள்ள மறக்காம குறைச்சுடுங்க. நான் மறந்துட்டேன், உள்ளேர்ந்து அம்மா "யாருடா அது கதவ இடிக்கறது"ன்னு எழுந்து வந்துட்டாங்க.