ஜனவரியில் எதற்கு மேசை போடுவது?

எங்கள் குடியிருப்புப் பெண்கள் குழுவுக்கு வருஷத்துக்கு ஒரு சுகாதார விழிப்புணர்வு மேசைதான். தைப்பூசத்துக்கு மலேசியாவின் பினாங்கில் உள்ள தண்ணீர்மலைக்குப் போகும் பாதையில், தெரிந்தவர்களின் தண்ணீர்ப் பந்தல் ஓரமாகப் போடுவோம். அதற்கு முந்தைய நாலு வாரமும் வீடு வீடாகப் போய்ப் பேசுவோம். இந்த வருஷம், 2026இல், பூசம் பிப்ரவரி 1 என்பதால் ஜனவரி முழுசாகக் கையில் கிடைத்தது. அந்த மாதத்துக்கு மூன்று விழிப்புணர்வுகள் போட்டி போடுகின்றன: மதுவில்லா ஜனவரி, குளுக்கோமா என்ற கண் நீரழுத்த நோய், கருப்பை வாய்ப் புற்றுநோய். போன வருஷம் மூன்றையும் சேர்த்துப் பேசினோம், ஒன்றும் யார் மனத்திலும் நிற்கவில்லை. இந்த முறை ஒன்றைத்தான் எடுப்பது என்று முடிவு செய்து, ஒரே கேள்வியை வைத்துக்கொண்டோம்: கேட்டவர் இந்த மாதத்துக்குள் செய்து முடிக்கக்கூடியது எது?

மதுவில்லா ஜனவரி 2013இல் பிரிட்டனில் ஓர் அறநிறுவனம் தொடங்கியது. நமக்கு இது புதிதல்ல. காவடி எடுப்பவர்கள் விரத நாட்களில் மாமிசத்தையும் மதுவையும் தொடுவதில்லை. அதனால் குழுவில் பலர் முதலில் இதைத்தான் சொன்னார்கள். சம்சு என்ற மலிவுச் சாராயம் சீரழித்த வீடுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கும் ஆசைதான். ஆனால் இது எப்போதாவது குடிப்பவருக்குப் பொருந்துகிற திட்டம். காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் அடங்குகிறது என்ற நிலையில் உள்ளவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்வையில்தான் அவர் நிறுத்த வேண்டும். யாரை நினைத்து நாங்கள் கவலைப்படுகிறோமோ, அவரிடமே "நிறுத்திடுங்க அண்ணே" என்று ஒரு துண்டுத்தாளை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குளுக்கோமாவை விடத்தான் எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் ஜனவரிதான் அதற்கான மாதம். என் பெரியம்மா இரண்டு வருஷமாக இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். பக்கப் பார்வை ஏற்கெனவே போயிருந்தது. வலி கிடையாது, நேராகப் பார்ப்பது தெளிவாகவே இருக்கும், ஆகையால் பெரும்பாலும் ஆளுக்கே தெரியாது. பார்வை நரம்பு ஒருமுறை கெட்டால் திரும்பாது. சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றும், அவ்வளவுதான். 40 வயது தாண்டியவர்கள், குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், ஸ்டீராய்டு மருந்தை நீண்ட காலம் போடுபவர்கள் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது, அதிலும் இந்தியர்களிடையே அதிகம். ஆக, நம் ஆட்களுக்கு இது தேவைதான். சிக்கல் என்னவென்றால், கண் அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது. அழுத்தம் சரியாக இருந்தும் நோய் வரும். நரம்பையும் பக்கப் பார்வையையும் பார்க்க வேண்டும், அதற்குக் கருவியும் கண் டாக்டரும் வேண்டும், நோய் இருந்தால் ஆயுளுக்கும் மருந்து போட வேண்டும். ஒரு மாதத்தில் எங்களால் தொடங்கி வைக்க மட்டுமே முடியும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லா நேரத்திலும் காரணம், உடலுறவால் பரவும் ஹெச்பிவி வைரஸ். 16, 18 என்ற இரண்டு வகைகளே சுமார் 70 சதவீதத்துக்குப் பொறுப்பு. மலேசியாவில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இதற்கான தடுப்பூசி 2010இல்தான் தொடங்கியது. பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள், அவர்களின் அம்மாக்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. பரிசோதனைதான் அவர்களுக்கு வழி. முன்பு, கிளினிக்கில் கருப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுக்கும் பாப் ஸ்மியர் சோதனை என்றாலே "ஐயோ, வேண்டாம்" என்பார்கள். இப்போது ஹெச்பிவி சோதனைக்கு, நீளமான பஞ்சுக்குச்சியால் பெண்ணே தனியாகத் தடுப்புக்குள் போய் மாதிரி எடுத்துக்கொள்ளலாம். வைரஸ் இல்லை என்று வந்தால் ஐந்து வருஷத்துக்குக் கவலை இல்லை. இருக்கிறது என்று வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமல்ல, அடுத்த கட்டமாக டாக்டர் கருப்பை வாயைப் பார்ப்பார். ஆனால் மாதவிலக்கு இல்லாத நேரத்தில் இரத்தம் போகிறவர்கள் இந்தச் சோதனைக்குக் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

வீடுகளில் எங்களிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, வைரஸ் இருந்தா என் வீட்டுக்காரர் தப்பு பண்ணாருன்னு அர்த்தமா?" இல்லை. அது பல வருஷம் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கும், எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் சொன்ன பிறகுதான் பலர் தேதி கேட்கிறார்கள்.

அதனால் மேசை இந்த நோய்க்குத்தான். 2020இல் உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கும் இதற்கு வலு சேர்க்கிறது: 70 சதவீதப் பெண்கள் 35 வயதுக்குள் ஒரு முறையும் 45க்குள் மறுபடியும் பரிசோதித்திருக்க வேண்டும். அப்புறம், குளுக்கோமாவை மார்ச் மாத உலக வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். பெரியம்மாவிடம் சொன்னேன், "அப்பவும் மறக்காம என்னைக் கூட்டிப் போ, நான் பேசறேன்" என்றார்.

மேசையில் காட்டுவதற்கு ஒரு பஞ்சுக்குச்சியும் உள்ளங்கை அளவு அட்டைகளும் இருக்கும். அட்டையில் மூன்று வரி: எந்த கிளினிக், போகும் நாள், அடுத்த சோதனை. முதல் இரண்டை அவர்கள் எழுதுவார்கள். மூன்றாவதில் நாங்களே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்: 2031.