பனிக்கு வண்டி தயார் செய்து தருகிறோம் என்பவர்களிடம் கவனம், டெல்டா நண்பர்களே

குளிர்காலத்தில் இமாசலப் பிரதேசத்தின் மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிட்டிக்கு ஜீப் எடுத்துப் போக நினைக்கும் தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி நண்பர்களுக்காக எழுதுகிறேன். நம் பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில் 'ஸ்னோ பேக்கேஜ்' என்று கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), டயர், பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் சுற்றும் சங்கிலி மூன்றையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றிலுமே ஏமாற்று. புகார் நடப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

கூலண்ட்தான் பெரிய ஆபத்து. பழையதை வடித்துவிட்டு, உறையாமல் தடுக்கும் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றியதாகப் பில்லில் இருக்கிறது. அது உண்மையென்றால் ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. ஸ்பிட்டியில் இருக்கும் காசா ஊரில் ஜனவரி இரவுகள் மைனஸ் இருபதுக்கும் கீழே போகும். போகும் வழியில், இமாசலத்து ராம்பூரில் ஒரு மெக்கானிக், மேலே போகிற வண்டி என்றதும், காலையில் இன்ஜின் ஆறியிருந்தபோது தானாகவே ரேடியேட்டரிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் (எத்தனை டிகிரியில் உறையும் என்று காட்டும் கருவி) வைத்துப் பார்த்தார். மைனஸ் ஐந்தைக்கூடத் தாங்காது என்றார். கிட்டத்தட்ட பச்சைச் சாயம் போட்ட தண்ணீர். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருக்கும். ரேடியேட்டர் போகும், இன்ஜின் பிளாக்கே விரிசல் விடும். குழந்தைகளோடு, ஆளில்லாத மலைப்பாதையில் அது நடந்திருந்தால்? இப்போது நினைத்தாலும் பதறுகிறது. பார்த்ததற்கு அவர் ஒரு பைசா வாங்கவில்லை. அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் மார்கழிப் பனியில்கூட எதை ஊற்றினாலும் உறையாது. பொய் இங்கே வெளிப்படவே வெளிப்படாது. அந்தத் தைரியத்தில்தான் விற்கிறார்கள்.

டயரும் அப்படித்தான். சேற்றுக்கான மட் டெரெய்ன் டயரைப் பனி டயர் என்று தலையில் கட்டினார்கள். அறுவடை முடிந்த சம்பா வயலில், வண்டல் சேற்றில் அது அருமையாக இழுக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் கடுங்குளிரில் அதன் ரப்பர் இறுகிவிடும். பனி டயரின் ரப்பர் குளிரிலும் இளக்கமாக இருக்கும், தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளில் மெல்லிய கீறல்கள் நெருக்கமாக இருக்கும்; பனியைக் கவ்வுவது அவைதான். பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் கொண்ட முத்திரை இருந்தால்தான் அது பனியில் சோதித்துத் தேறிய டயர். எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் போதாது, அதைச் சோதனை இல்லாமல் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம். 'புது ஸ்டாக்' என்றால் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது.

சங்கிலிப் பெட்டியில் என் டயர் அளவு, 255/65 ஆர்18, ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. "பிரிச்சா திரும்ப எடுத்துக்க மாட்டோம் சார்" என்று சீலோடு கொடுத்தார்கள். ராம்பூரில் பிரித்தால் சின்னக் காருக்கான சங்கிலி, சக்கரத்தைச் சுற்றி எட்டவே இல்லை. வாங்கும் கடையிலேயே சக்கரத்தில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கூலண்டை அங்கேயே மாற்றிக்கொண்டோம். சரியான சங்கிலி கிடைக்கவில்லை, ஸ்பிட்டிக்குப் போகாமல், வழியில் இருக்கும் ரெக்காங் பியோவோடு திரும்பிவிட்டோம்.

ஊருக்கு வந்து கேட்டால், "வழியில யாராவது மாத்தியிருப்பாங்க" என்கிறார் கடைக்காரர். ராம்பூர் மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிய சீட்டும், கருவியில் எடுத்த போட்டோவும், சங்கிலிப் பெட்டியும் கையில் இருக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும்.

இந்த டிசம்பரில் கிளம்பும் வேறு குடும்பங்களும் அதே கடையில் வண்டி விட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இப்படிப் பேக்கேஜ் போட்டிருந்தால் இன்றே போன் செய்து, கிளம்பும் முன் கூலண்டை வேறு ஒர்க்‌ஷாப்பில் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.