கரண்ட் பில்லைக் குறைக்க வாங்கிய மூன்று கடன்கள்: எது தன் தவணையைத் தானே கட்டியது?

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். கீழே மாமனார் காலத்து மெட்ராஸ் தளம் (மர உத்திரங்கள் மேல் செங்கல் அடுக்கிய தளம்) போட்ட வீடு, மேலே நாங்கள் கான்கிரீட்டில் எடுத்த இரண்டு அறை. ஒன்பது மா, அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது, நான் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். சம்பளம் மாதாமாதம் வரும், நெல் பணம் வருடத்துக்கு இரண்டு முறை வரும், ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். இந்த மூன்று தாளத்துக்கும் நடுவில் கடன் தவணை என்று நான்காவது ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கம் 2023 மே மாதக் கணக்கெடுப்பு. 760 யூனிட், 4,190 ரூபாய். ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதிவிட்டு, "மாடியில ஏசி போட்டீங்களா?" என்றார். போட்டுத்தான் இருந்தோம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து 2022 செப்டம்பர் கட்டண விகிதத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த விகிதப்படி, இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றால் அடுத்த நூறுக்கு 2.25, அப்புறம் 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101லிருந்தே 4.50. மேலே போகப்போக 8, 9, 10, 11. சரியாக 500 யூனிட் ஓட்டினால் 1,725 ரூபாய். 510 ஓட்டினால் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! கணக்கெடுப்பு நான்கு நாள் தள்ளிப்போனாலே அந்த வரப்பைத் தாண்டிவிடும். 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி கொஞ்சம் ஏறியது. ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று இங்கே எல்லாக் கணக்கையும் 2022 விகிதத்திலேயே சொல்கிறேன்.

முதல் கடன் ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும். பழைய ஃபேன் ஒவ்வொன்றும் 75 வாட். பிஎல்டிசி என்கிற, கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டுக்குள் அதே காற்றைத் தருகிறது. ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் ஓடும் நான்கு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் மிச்சம். நான்கும் சேர்த்து 12,000. ஃபிரிட்ஜ் பதினேழு வருடப் பழசு, கதவு ரப்பர் விட்டுப்போய் இருபத்து நாலு மணி நேரமும் முனகிக்கொண்டே இருந்தது. புதுசு 17,000. இரண்டையும் வட்டியில்லாத் தவணையில் எடுத்தேன்.

வட்டியில்லாத் தவணை என்பதில் வட்டி இல்லாமல் இல்லை. கையில் ரொக்கம் வைத்திருந்தால் கடைக்காரர் ஃபேனுக்கு முந்நூறு குறைத்திருப்பார், அது போனது. செயலாக்கக் கட்டணம் தனி. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. என்னை அடித்தது தேதி. தவணை மூன்றாம் தேதி கணக்கிலிருந்து பிடிப்பார்கள், எங்கள் பள்ளியில் சம்பளம் ஏழாம் தேதி. ஒரு மாதம் தவணை பவுன்ஸ் ஆனது. வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்த நிறுவனம் ஒரு அபராதம், இரண்டும் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டியது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை, பிறகு சொல்கிறேன்.

ஃபேனில் குறை சொல்லவும் இரண்டு விஷயம் உண்டு. பழைய ரெகுலேட்டர் இதற்கு ஆகாது, ரிமோட்தான். அந்த ரிமோட் வாரத்துக்கு ஒருமுறை அத்தையின் தலையணைக்கு அடியிலிருந்து கிடைக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் ஒரு ஃபேனின் போர்டு போனது. வாரண்டியில் மாற்றித் தந்தார்கள், ஆனால் பதினெட்டு நாள் ஆனது. ஐப்பசியாக இருந்ததால் தப்பித்தோம்.

பலன் என்ன? 2024 மே கணக்கெடுப்பில் 520 யூனிட், 2,110 ரூபாய். முந்தைய கோடையைவிட 2,080 குறைவு. வருடக் கணக்கில் பார்த்தால் ஃபேனுக்குப் போட்ட பணம் இரண்டு வருடத்தில் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஆனால் பழசு எப்படியும் போகிற நிலையில்தான் இருந்தது.

அந்த 520தான் உறுத்தல். வெறும் இருபது யூனிட்டில் வரப்பைத் தாண்டி நிற்கிறோம்.

கீழ்வீட்டில் சித்திரையிலும் ஏசி தேவைப்படாது. கனமான செங்கல் தளம், உயரமான கூடம், முற்றத்துக் காற்று. மேலே கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி இரண்டு மணி வரை அறைக்குள் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் 2025 பங்குனியில் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தோம். விரிசல் அடைப்பு, கூலி எல்லாம் சேர்த்து 22,000.

இதற்கு என் சங்கிலியை அடகு வைத்தேன். தவணைக் கடனில் பட்ட பிறகு எனக்கு நகைக்கடன் மேல் மரியாதை கூடிவிட்டது. மாதாமாதம் யாரும் பிடிப்பதில்லை. குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறியதும் ஒரே மூச்சில் மீட்டுக்கொண்டு வந்துவிட்டோம். ஏழு மாத வட்டி 1,200 சொச்சம். விவசாயக் குடும்பத்துக்கு ஒத்துப்போகிற கடன் இதுதான், நெல் பணம் தப்பாமல் வந்தால். மேட்டூர் அணையைக் காலத்தில் திறக்காத வருடமாக இருந்தால் இதே சங்கிலியைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அந்த மே மாதம் 450 யூனிட், 1,425 ரூபாய். எழுபது யூனிட் குறைந்ததில் 685 மிச்சம். முன்பு ஏசியை 20ல் வைத்துப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குவோம், இப்போது 26ல் வைத்து ஃபேனையும் ஓட விடுகிறோம். ஆனால் இந்த மிச்சம் கோடையின் இரண்டு பில்லில் மட்டும்தான் தெரியும். அப்படிப் பார்த்தால் 22,000 திரும்பி வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும், பெயிண்ட் அவ்வளவு நாள் தாங்காது. அதிலும் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை போதும், மாடி முழுக்கப் பாசி. கறுத்த கூரை வெயிலைத் திருப்பாது. போகிக்கு முந்தின வாரம் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுவது இப்போது வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது. பணத்தை மட்டும் பார்ப்பவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். மேல் அறையில் குழந்தை படிக்கிற வீடென்றால் சொல்வேன்.

மூன்றாவது சோலார். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 மானியம், மூன்றாவதுக்கு 18,000, உச்சம் 78,000. என் கணவருக்கு அறிவிப்பு வந்த நாளிலிருந்து அதே பேச்சு. மின் இணைப்பு மாமனார் பெயரில் இருந்தது, அவர் போய் ஆறு வருடம். விண்ணப்பிப்பவர் பெயரும் இணைப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வாரிசுச் சான்று, பெயர் மாற்றம் என்று அதற்கே மாதக்கணக்கில் ஓடியது. நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால் முதலில் இதை முடித்து வையுங்கள்.

வங்கியில் மேலாளர் கணினியைப் பார்த்தபடி, "2023ல ஒரு தவணை பவுன்ஸ் ஆகியிருக்கே மேடம்" என்றார். ஃபேன்! நான்கு நாள் தாமதம் சிபிலில், அதாவது என் கடன் வரலாற்றுப் பதிவில், உட்கார்ந்திருந்தது. சம்பளத் தேதியை விளக்கி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது.

இரண்டு கிலோவாட்டுக்கு மொத்தம் 1,40,000. எங்கள் பங்கு 14,000, மீதி அடமானம் இல்லாத கடன். வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தை ஒட்டி ஏறி இறங்கும், எங்களுக்கு 6 சதவீதம். மானியம் முன்கூட்டி வராது. பேனல் ஏறி, வெளியே போகிற கரண்டையும் அளக்கும் இருவழி மீட்டர் வைத்து, ஆய்வு முடிந்த பிறகுதான் வரும். அதுவரை முழுத் தொகைக்கும் தவணை கட்டினோம், மாதம் 2,436. மானியத்தைக் கடனில் கழித்த பிறகு சுமார் 1,280.

இப்போது கணக்குக்கு வருகிறேன். முதல் இரண்டு கடனில் 310 யூனிட்டைக் குறைத்து 2,765 ரூபாய் மிச்சம் பிடித்தோம். மிச்சமிருந்த 450 யூனிட்டை அடியோடு துடைத்தாலும் கோடையில் 1,425தான் கிடைக்கும், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. இரண்டு மாதத் தவணையோ 2,560. அதாவது ஒவ்வொரு பில்லுக்கும் கைக்காசு ஆயிரத்துக்கு மேல் போகிறது, ஐந்து வருடத்துக்கு. விலை அதிகமான யூனிட்டையெல்லாம் ஃபேனும் ஃபிரிட்ஜும் பெயிண்டும் தின்றுவிட்டன. சோலாருக்கு மலிவு யூனிட்தான் மிஞ்சியது.

அடுத்த தெருவில் என் கொழுந்தனார் இதே இரண்டு கிலோவாட்டை இதே கடனில் போட்டிருக்கிறார். இரண்டு ஏசி, 1,100 யூனிட், 7,650 ரூபாய் பில். சோலாரில் 480 யூனிட் குறைந்ததும் 2,930 ஆனது. மிச்சம் 4,720. தவணையைக் கட்டிவிட்டு மீதியைப் பையில் போட்டுக்கொள்கிறார். சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் இதை எங்களுக்கு நினைவுபடுத்தவும் செய்கிறார். அவரிடம் ஃபேனை மாற்றச் சொல்லி நானும் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நஷ்டத்தைக் கொஞ்சமாவது ஈடுகட்ட இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிப் பகல் சமையலை அதற்கு மாற்றிவிட்டேன். சிலிண்டர் முன்பைவிட இருபது நாள் கூடுதலாக வருகிறது.

அத்தைக்கு வேறு வருத்தம். 2018 கஜா புயலில் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததை அவர் மறக்கவில்லை. பேனல் ஏறிய வாரத்தில் கரண்ட் போனபோது, "ஏம்மா, மேல இவ்வளவு வெயில் அடிக்குது, ஃபேன் ஓடலையே?" என்றார். பேட்டரி இல்லாத சோலார் அப்படித்தான். வெளியே லைனில் கரண்ட் இல்லையென்றால் இதுவும் தானாக நின்றுவிடும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. விளக்கிச் சொன்னேன். "அப்ப எதுக்கு இது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சம்பா அறுவடையில் பேனல் மேல் வைக்கோல் தூசி படிந்து கரண்ட் விளைச்சல் குறைகிறது, வாரம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கிறது. எங்களுக்கு வரவேண்டியது ஒரு நாளைக்கு எட்டு யூனிட், வருவது ஏழு. காரணம் கொல்லையில் நிற்கும் தென்னை. கஜாவில் ஒன்பது சாய்ந்து மிஞ்சிய இரண்டில் ஒன்று, மாமனார் வைத்தது. நிறுவ வந்தவர்கள் வெட்டச் சொன்னார்கள், அத்தை சம்மதிக்கவில்லை, பேனலைக் கிழக்கே தள்ளி வைத்தோம். இந்தக் கோடையில் மூன்றரை மணிக்கெல்லாம் அதன் நிழல் கடைசிப் பேனலைத் தொட்டுவிடுகிறது. மரம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, தவணை இன்னும் நான்கு வருடத்துக்கு மேல் பாக்கி.