1 வெள்ளிக்கு மனநல மருத்துவம்: தோட்ட நகரத்து கிளினிக் கெசிஹாத்தான் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்ட ஊரில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல், வேலைக்குப் போகவே கால் எழவில்லை என்றால் முதலில் எங்கே போவது? அரசு கிளினிக் கெசிஹாத்தானுக்குத்தான். குடிமக்களுக்குச் சீட்டு 1 வெள்ளி (ரிங்கிட்), மருந்தும் அதில் அடக்கம். நோயைக் கண்டுபிடிக்கவும் மாத்திரை தொடங்கவும் இந்தச் சேவையை நம்பலாம். பேச்சு சிகிச்சையில் பலவீனம், தமிழில் மனம்விட்டுப் பேச வழி இன்னும் குறைவு. மருந்துப் பக்கத்துக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். கவுன்சிலிங் பக்கத்துக்குப் பாதி கொடுக்கவே மனசு வரவில்லை.

போகிறவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புவதற்கு முக்கியமான காரணம், அவர்கள் சொல்லும் குறை. நெஞ்சு படபடப்பு, தலைபாரம், வயிற்றெரிச்சல், உடம்பெல்லாம் அசதி என்று மட்டும் சொன்னால் டாக்டர் அதைத்தான் பார்ப்பார். ஈசிஜி எடுப்பார், கேஸ்ட்ரிக் மாத்திரையும் பனடோலும் எழுதுவார், அனுப்பிவிடுவார். வெளியே சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் காலை நேரத்தில் அவர் தோண்டித் துருவிக் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது. உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லிவிடுங்கள்: "டாக்டர், ரெண்டு வாரத்துக்கு மேல மனசு சரியில்ல, தூக்கம் இல்ல, எதுலயும் இஷ்டம் இல்ல." மலாயில் சொல்வதானால் 'சாரிங்கான் கெசிஹாத்தான் மெந்தால்' (மனநலப் பரிசோதனை) வேண்டும் என்றால் போதும், புரிந்துகொள்வார்கள்.

கவுண்டரில்தான் சங்கடம். பின்னால் நிற்பவர் பக்கத்து லயத்துக்காரராக (தோட்டத்து வரிசை வீட்டுக்காரராக) இருப்பார், உள்ளே இருக்கும் மிஸ்ஸி (நர்ஸ்) உங்கள் அம்மாவையே தெரிந்தவராக இருக்கக்கூடும். என்ன நோய் என்று கேட்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு துண்டுத் தாளில் அந்த மூன்று மலாய்ச் சொல்லை எழுதி, ஐசியோடு (அடையாள அட்டையோடு) சேர்த்து நீட்டிவிடுங்கள். மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்துவிட்டுப் போனால் கவுண்டரில் நிற்கும் நேரம் குறையும். வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிர்ப்பது நல்லது, தொழுகைக்காக இடைவேளை நீளும்.

கையில் இன்னொரு அரைத்தாளும் இருக்கட்டும். எப்போது ஆரம்பித்தது, இரவில் எத்தனை மணி நேரத் தூக்கம், எடை குறைந்ததா, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, குடிப் பழக்கம் எவ்வளவு, இப்போது சாப்பிடும் மாத்திரைகளும் நாட்டு மருந்துகளும் என்னென்ன, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. கடைசியாக ஒன்றை மறக்காமல் எழுதுங்கள்: முன்பு எப்போதாவது சில நாள் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, நிறுத்தாமல் பேசி, காசை அள்ளி இறைத்ததுண்டா? இது இருதுருவக் கோளாறின் (பைபோலார்) அறிகுறி. அதை மறைத்தால் டாக்டர் வெறும் மனச்சோர்வு என்று நினைத்து மாத்திரை எழுதுவார், அந்த மாத்திரையே ஆளை மறுபடி அந்த உச்சத்துக்குத் தள்ளிவிடலாம். இதை நோயாளியைவிட வீட்டில் உள்ளவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். அண்ணனோ அக்காவோ ஒருவர் கூட வருவது அதனால்தான் முக்கியம்.

அடுத்தது படிவம். பெரும்பாலும் டாஸ்-21 அல்லது பிஎச்கியூ-9 என்ற மனநிலைக் கேள்வித்தாளைக் கையில் கொடுப்பார்கள். டாஸ்-21 கடந்த ஒரு வாரத்தைக் கேட்கும். 21 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் என்று 7 கேள்விகளாகப் பிரித்துக் கூட்டி, அதை இரட்டிப்பார்கள். மனச்சோர்வில் 14 வந்தால் நடுத்தரம், 21க்கு மேல் கடுமை. பிஎச்கியூ-9 கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கும், உச்சம் 27. அதில் 10ஐத் தொட்டாலே டாக்டர் கவனமாகப் பார்ப்பார்.

இந்தப் படிவங்களில் கால் இடறும் இடங்கள் உண்டு. டாஸ்-21இன் இரண்டாவது கேள்வி வாய் உலர்வதைப் பற்றியது. சர்க்கரை நோயாளிக்கு வாய் எப்போதும் உலர்ந்துதான் இருக்கும், அவர் 3 போடுவார். மூச்சு வாங்குவதைக் கேட்கும் நான்காவது கேள்விக்கு ஆஸ்துமா உள்ளவரும், கை நடுக்கத்தைக் கேட்கும் ஏழாவதுக்கு காலையில் இன்னும் குடிக்காத குடிகாரரும் அப்படியே 3 போடுவார்கள். மூன்றும் பதற்றக் கணக்கில் சேர்வதால், பதற்றமே இல்லாதவருக்கும் எண்ணிக்கை ஏறிவிடும். இது உங்களுக்குப் பொருந்தினால் படிவத்தின் ஓரத்திலேயே 'சர்க்கரை', 'ஆஸ்துமா' என்று குறித்துவிடுங்கள். மலாய்ப் படிவம் சரியாகப் புரியவில்லை என்றால் குத்துமதிப்பாகக் கோடு போடாமல், படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் தெரிந்த மிஸ்ஸியோ எம்.ஏ.வோ (மருத்துவ உதவியாளரோ) பல கிளினிக்குகளில் இருப்பார்கள், கேட்டால்தான் வருவார்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது மட்டும் வேண்டாம். தன் மகளின் வாய் வழியாக எந்தத் தாயும் உள்ளதை உள்ளபடி சொல்ல மாட்டார்.

டாஸ்-21இல் இன்னொரு பெரிய ஓட்டை: சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அது நேராகக் கேட்பதில்லை. பிஎச்கியூ-9இன் ஒன்பதாவது கேள்விதான் கேட்கும். டாஸ் மட்டும் கொடுத்திருந்தால் இதை நீங்களாகவே வாய் திறந்து சொல்ல வேண்டும். போலீஸ் வருமோ என்ற பயத்தில் மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நீக்கப்பட்டு, 2023 செப்டம்பர் 11 முதல் அது குற்றமல்ல. எண்ணம் தீவிரமாக இருந்தால் கிளினிக் வரிசையில் காத்திருக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு, அல்லது 999. பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. தமிழில் பேசுபவர் இருக்கிறாரா என்று எடுத்தவுடனே கேட்கலாம். வீட்டில் களைக்கொல்லி, பூச்சிமருந்து எதுவும் வைத்திருந்தால் அன்றைக்கே வெளியேற்றுங்கள், மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியக்கூடியது, அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது.

படிவத்தின் எண் மட்டும் நோய் ஆகிவிடாது. டாக்டர் பேசிப் பார்த்துத்தான் முடிவெடுப்பார், இரத்தமும் எடுப்பார். தைராய்டு குறைந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் ஆள் இதே மாதிரி சோர்ந்து கிடப்பார். இரத்தப் பரிசோதனை எடுக்காமலே மாத்திரை எழுதினால், "தைராய்டு பார்க்க வேண்டாமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை.

குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தினமும் சம்சு (மலிவு சாராயம்) குடித்தவர், குடும்பத்துக்குப் பயந்தோ கோயிலில் சத்தியம் செய்தோ ஒரே நாளில் நிறுத்தினால், முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார், சுவரில் பூச்சி ஓடுகிறது என்பார். லயத்தில் இதைப் பார்த்து 'ஏதோ புடிச்சிக்கிச்சி' என்று சாமியாடியிடம் அழைத்துப் போகிறார்கள். இது உயிருக்கே ஆபத்தான நிலை, ஆஸ்பத்திரியில் மட்டுமே சமாளிக்க முடியும். தீபாவளிக்கு முன் நிறுத்தப் போகிறேன் என்று ஒருவர் முடிவெடுத்தால், நிறுத்துவதற்கு முன்பே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

இனி மாத்திரை. மனச்சோர்வுக்குப் பொதுவாகத் தொடங்குவது செர்ட்ராலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை, 25 அல்லது 50 மில்லிகிராமில். சாப்பிட்ட பிறகு போடுவது வயிற்றுக்கு நல்லது. முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி வரலாம், சிலருக்குப் பதற்றம் கூடவும் செய்யும். ஆனால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். தொல்லை முதலில், நன்மை பிறகு. 'இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல' என்று பத்தாவது நாளில் தூக்கிப் போடுவது இந்த இடைவெளியில்தான். இளவயதினர் என்றால் இந்த முதல் வாரங்களில் வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும், தப்பான எண்ணம் கூடினால் உடனே திரும்பப் போக வேண்டும்.

இரண்டாவது முறை நழுவுவது குணமான பிறகு. மூன்றாம் மாதம் நன்றாகத் தூங்குகிறார், சிரிக்கிறார், மாத்திரை நிற்கிறது, கொஞ்ச நாளில் பழைய நிலை திரும்புகிறது. நன்றாக ஆன பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் மண்டைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் வரும்.

தோட்டத்து உடம்புக்கு என்றே ஓர் எச்சரிக்கை. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் டைக்ளோஃபெனக் போடாமல் இருப்பவர்கள் குறைவு. செர்ட்ராலினோடு அதைத் தொடர்ந்து சேர்த்துப் போட்டால் வயிற்றில் இரத்தம் கசியும் அபாயம் கூடும், மலம் தாரைப் போல் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி. இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுபவருக்கு இந்த வலிமாத்திரை இன்னும் ஆபத்து, இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். வெயிலில் செம்பனைக் குலை வெட்டி, வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் அதே கதிதான். கை நடுங்கி, நடை தள்ளாடி, வாந்தியும் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் மருத்துவரிடம் ஓடுங்கள். தூக்க மாத்திரை கேட்டவுடன் கொடுக்க மாட்டார்கள். அது சரியான கண்டிப்பு, பழகிவிட்டால் விடுவது கடினம். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் போடுவதும், அதன் மேல் குடிப்பதும் மூச்சையே நிறுத்தக்கூடும்.

கிளினிக்கில் குடும்ப மருத்துவ நிபுணர் வரும் நாள் எது என்று விசாரித்து வையுங்கள், சிக்கலான கேஸை அவர் பார்ப்பது நல்லது. குரல் கேட்பது, சந்தேக நோய், இருதுருவக் கோளாறு, தற்கொலை அபாயம் என்றால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. தனியார் கிளினிக் கடிதத்தோடு போனால் முதல் முறைக்குக் கட்டணம் அதைவிடக் கூடுதல், ஆகவே கடிதத்தை அரசு கிளினிக்கிலேயே வாங்குங்கள். காத்திருப்பு வாரக்கணக்கில் போகலாம். நடுவில் நிலைமை மோசமானால் தேதிக்காக உட்கார்ந்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போகலாம்.

கடிதம் என்றதும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் வரும் பயம் தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் திறந்த பெரிய ஆஸ்பத்திரி, இன்று ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. ஊர்ப் பெயரையே வசைச்சொல் ஆக்கி வைத்திருக்கிறோம், அந்தக் கேலிதான் எத்தனையோ பேரைச் சிகிச்சைக்கு வரவிடாமல் வீட்டிலேயே பூட்டி வைக்கிறது. அங்கேயும் வெளிநோயாளிப் பிரிவு உண்டு, காலையில் போய் டாக்டரைப் பார்த்து மருந்தோடு மாலையில் வீடு திரும்பலாம். கொஞ்சம் தேறியவர்கள் மறுபடி வேலைக்குப் போகப் பழக்கும் மெந்தாரி மையங்களையும் அமைச்சு நடத்துகிறது. உங்கள் பகுதிக்கு எது என்று நிபுணரிடம் கேளுங்கள்.

பேச்சு சிகிச்சைதான் இந்தச் சேவையின் பெரிய குறை. எல்லா கிளினிக்கிலும் கவுன்சிலர் கிடையாது. இருந்தாலும் சந்திப்புகளுக்கிடையே இடைவெளி நீளம், தமிழில் பேசுபவர் அமைவது அதிர்ஷ்டம். கவுன்சிலிங்குக்குப் போன நாளுக்குச் சில இடங்களில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுக்காமல், வந்து போன நேரத்தை மட்டும் காட்டும் டைம் ஸ்லிப் தருவார்கள். நாள் கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பள இழப்பு. முன்கூட்டியே கேட்டுவிட்டு, முடிந்தால் டாக்டரைப் பார்க்கும் நாளிலேயே கவுன்சிலிங்கையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

ஈப்போவிலோ ஆன்லைனிலோ தனியாரிடம் போவதானால் ஆளைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மாத்திரை எழுதக்கூடியவர் மனநல மருத்துவர், நிபுணர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். கவுன்சிலர் என்றால் 1998 கவுன்சிலர் சட்டத்தின்படி லெம்பாகா கவுன்சிலரில் (கவுன்சிலர் வாரியத்தில்) பதிந்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டால் நல்லவர் கோபிக்க மாட்டார். வார இறுதிப் பயிற்சி முடித்துவிட்டு 'மைண்ட் தெரபி' என்று பலகை மாட்டியவர், டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கோயிலுக்குப் போவதும் கயிறு கட்டுவதும் மனசுக்குத் தெம்பு என்றால் தாராளமாகச் செய்யலாம், மாத்திரையும் கூடவே போகட்டும்.

சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி) வைத்திருப்பவர்களும், ஐசியே இல்லாதவர்களும் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். 1 வெள்ளி, 5 வெள்ளிக் கணக்கு குடிமக்களுக்கு. வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு, முதல் சீட்டிலேயே மனசு உடைந்து திரும்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப்பணி அதிகாரி இருக்கிறார். கட்டணத்தைக் கட்ட முடியவில்லை என்றால் அவரைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடமே சொல்லிக் கடிதம் கேளுங்கள்.

நிபுணரிடம் போக ஆரம்பித்த பிறகு மருந்துக்காக மாதாமாதம் ஈப்போவுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. மருந்துக் கவுண்டரில் 'எஸ்பியூபி' என்று கேட்டால், மீதி மாதங்களுக்கான மாத்திரையை உங்கள் ஊர் கிளினிக்கிலேயே வாங்கும்படி மாற்றித் தருவார்கள். தபாலில் அனுப்பும் ஏற்பாடும் பல ஆஸ்பத்திரிகளில் உண்டு. லயத்து முகவரிக்குத் தபால் சரியாக வருவதில்லை என்றால் எஸ்பியூபியே மேல். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போங்கள், ஊர் கிளினிக்கில் அந்த மருந்து கையிருப்பில் இல்லாவிட்டால் வரவழைக்க அவர்களுக்கு நாள் வேண்டும்.